தபேலா அண்ணனின் இடது கை

பட்டர்வொர்த், பினாங்கு
ஆகஸ்டு 3

அன்பு நண்பா,

அண்ணனுக்கு உதவ நடத்திய கலை இரவுக்கு நீ அனுப்பிய பணம் வந்த அன்றைக்கே ஏற்பாட்டுக் குழுவிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். அந்த ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு சரி. "கலை இரவு எப்படி நடந்தது, அண்ணன் எப்படி இருக்கார்" என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். நானும் மூன்று தடவை "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது" என்றே பதில் போட்டேன். உனக்கு அப்படிப் பதில் போட்டது தப்பு. அதனால்தான் இந்தக் கடிதம். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு படி, கொஞ்சம் நீளும்.

நம் பாட்டுக் குழுவில் தபேலா வாசித்த அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். நம்மைப்போல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போயிருந்தால் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவாவது கைகொடுத்திருக்கும். நாற்பது வருஷம் தபேலாவும் டோலக்கும் வாசித்த மனுஷனுக்கு யார் சொக்சோ கட்டினார்கள்? சேமநிதியான இபிஎஃப்பும் இல்லை. கல்யாண வீட்டிலும் தோட்டத்துத் திருவிழாவிலும் கையில் மடித்து வைத்த நோட்டுதான் அவருடைய சம்பளம். தர்ம ஸ்தாபனம் நடத்தும் நிலையம் ஒன்றில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்தது பெரிய புண்ணியம். ஆனாலும் ரத்தம் ஊறுவதற்கான ஊசி, போக வர வண்டிச் செலவு, கூடவே போய் வரும் அண்ணிக்கு வேலை போனது என்று மாதாமாதம் துண்டு விழுகிறது.

நிதி திரட்டும் கலை இரவு நடத்தலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். முதல் தப்பைச் செய்தவனும் நான்தான். பேனருக்கு ஒரு படம் வேண்டும் என்று, அவர் டயாலிசிஸ் நாற்காலியில் குழாயும் கையுமாகப் படுத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அச்சாகி வந்ததை அவர் வீட்டு வாசலில் விரித்துக் காட்டினோம். அண்ணன் வெகுநேரம் பேசவே இல்லை.

"இந்தப் படத்தப் பார்த்து டிக்கெட் வாங்குறவன் பரிதாபத்துக்கு வாங்குவான். பாட்டுக்கு வாங்க மாட்டான். வாசிக்கிறவங்க பட்டியல்ல என் பேரப் போடு. இல்லாட்டி வேணாம், விட்டுடு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் வலித்தது. பேனரைச் சுருட்டி காரில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் எப்படி வாசிப்பார்? டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது மணிக்கட்டுப் பக்கம் ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஏதோ ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது, தேனீக் கூட்டை மெல்லத் தொட்டதுபோல். நான் விரலை எடுக்கப் பார்த்தேன், அவர் விடவில்லை. "ராத்திரி தூக்கம் வராதப்ப காதுல வச்சுக் கேப்பேன்டா. சுருதி மாறவே மாறாது" என்றார்.

உனக்கே தெரியும், தபேலாவில் இடது பக்கம் மணிக்கட்டை ஊன்றித் தேய்த்தால்தான் அந்தக் 'கும்' வளைந்து வரும். இப்போது மருத்துவர் அழுத்தக் கூடாது என்று சொல்லியிருப்பதும் அதே மணிக்கட்டைத்தான்.

வழி கண்டுபிடித்தவன் பத்தொன்பது வயதுப் பையன். பிறை என்ற ஊரில் உருமி மேளக் குழு ஒன்றில் வாசிக்கிறான். நாற்காலி அடுக்கவும் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்ளவும் வந்த பையன்களில் ஒருவன். "அண்ணன் வலது கை, நான் இடது கை, ஆளுக்கு ஒண்ணு வாசிச்சா என்ன?" என்று கேட்டான். தாத்தா வயதுக்காரரை அவன் அண்ணன் என்றதிலேயே இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உருமியை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைக்கிற பிள்ளைக்கு, தபேலா ஜோடியின் இடது மேளமான டக்காவில் கையைத் தேய்ப்பது அவ்வளவு அந்நியமாகவும் இல்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. முதல் நாள் இரண்டு கையும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை போட்டன. நான்காவது வாரம் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், ஒருவர் வாசிப்பது போலத்தான் இருந்தது.

கீபோர்ட்காரர் பினாங்குத் தீவிலிருந்து ஒவ்வொரு ஒத்திகைக்கும் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நாம் வேனோடு ஏறிப் போன பழைய ஃபெரிகள் இப்போது ஓடுவதில்லை, தெரியுமா? 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான் ஏறலாம். நடுக்கடலில் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ புல்லாங்குழல் வாசிக்க, கார்காரர்கள் எல்லாம் இறங்கி வந்து சுற்றி நின்றார்களே, அது இனி இல்லை.

கலை இரவு மே மாதம் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குக் காலையில் டயாலிசிஸ் முடித்து வீட்டில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் அண்ணன் வந்தார். ஞாயிறு வைத்திருக்கலாம், மண்டபம் கிடைக்கவில்லை. நானூறு நாற்காலி போட்டோம், போதாமல் பின்னால் நின்றார்கள். அவருக்கு வைத்தது மூன்றே பாட்டு. மற்றதெல்லாம் இளம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள், நன்றாகவும் பாடினார்கள். அதை விரிவாக எழுதப் போவதில்லை, மகன் காணொளி அனுப்புவான்.

நான் எழுத வேண்டியது அந்த மூன்று பாட்டைப் பற்றி. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அண்ணனின் இடது கை மடியில் ஒரு துண்டின் மேல் சும்மா இருந்தது. சும்மா என்றா சொன்னேன்? வாசிக்க வாசிக்க அந்த விரல்களும் துண்டின் மேல் அசைந்துகொண்டே இருந்தன. பையன் தபேலாவைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்தே வாசித்தான். முன் வரிசையில் இருந்தவர்களுக்கு அது தெரிந்ததோ என்னவோ, மேடை ஓரத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும், நீ குழலில் தொடங்குவாயே, அந்தப் பாட்டுக்கான நடையை அண்ணன் தானாகத் தட்ட ஆரம்பித்தார். நான்கு ஆவர்த்தம் போனது. குழல் இல்லை. நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்குப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செலவு போக நின்றது 38,650 வெள்ளி (ரிங்கிட்). எண்ணும்போது ஒரு மைலோ டின் வந்தது, முழுக்க ஐம்பது காசு, இருபது காசு. கொண்டு வந்தது ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், முன்பு கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் கல்யாணத்துக்கு நம் குழு வாசித்ததாம். பேசின பணத்தில் பாதிதான் அவர் அப்பாவால் கொடுக்க முடிந்ததாம். "மிச்சத்த இந்தத் தம்பி வேணாம்னுட்டாரு. அதான் இப்பக் கொடுக்கிறேன்" என்றார். அண்ணனுக்கு நினைவே இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா?

அதற்குப் பத்து நாள் கழித்து நானும் என் மனைவியும், அதான் உன் தங்கச்சியும், காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கல்யாணமான வருஷம், 1989இல், கிழக்குக் கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஓவர்டைம், கச்சேரி, பிள்ளைகள் படிப்பு என்று தள்ளித் தள்ளியே போய்விட்டது. நான்தான் நாடு முழுக்கச் சுற்றியவனாயிற்றே என்று பெருமையாகச் சொன்னால், "நீங்க பார்த்ததெல்லாம் மேடைதான். ராத்திரி வேன்ல போயி, ராத்திரி வேன்ல திரும்பினீங்க. ஊர எங்க பார்த்தீங்க?" என்று கேட்கிறாள். அவள் சொல்வது சரிதானே! நாம் பார்த்தது எண்ணெய்ப் பீப்பாய் மேல் பலகை போட்ட மேடையும் விடியற்காலை ரொட்டி சானாய்க் கடையும்தான். கிழக்குக் கரைப் பக்கமோ நம் ஆட்கள் குறைவு, கச்சேரிக்குக்கூட யாரும் அழைத்ததில்லை.

கூலிம், பாலிங் வழியாகக் கிரிக் போய், அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த காலத்தில் இராணுவக் காவலோடு போட்டு 1982இல் திறந்த சாலை அது. தெமெங்கோர் ஏரிப் பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடுதான். யானை கடக்கும் இடம் என்று பலகைக்கு மேல் பலகை. ஒரு வளைவில் சாலை நடுவே இன்னும் ஆவி பறக்கும் சாணக் குவியல்! உன் தங்கச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். யானை வரவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மலை ஏற ஏற மின்னல் எஃப்எம் வானொலி இரைச்சலாகி நின்றுபோனது. அப்போது மகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்த நம் பழைய கேசட்டை ஓட விட்டேன். 1987ஆம் ஆண்டுத் திருவிழாக் கச்சேரி. நடுவில் யாரோ மைக்கில் "வண்டி நம்பர் சொல்றேன், வழிய மறிச்சு நிக்குது, எடுங்க" என்று கத்துவது உட்பட எல்லாம் இருக்கிறது. திதிவாங்சா மலை உச்சியில் மேகம் சாலைக்கே இறங்கி வந்திருந்தது. காரை ஓரம் கட்டினோம். உன் குழலும் அண்ணனின் இரண்டு கையும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த இடது கையை இவ்வளவு கவனமாக நான் முன்பு கேட்டதே இல்லை. பாட்டு முடியும்வரை அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

கோத்தா பாருவில் மூன்று நாள். காலையில் நாசி கெராபு சோறு, பெண்களே வியாபாரம் செய்யும் சித்தி கதீஜா சந்தையில் இரண்டு மணி நேரம், உன் வீட்டுத் தங்கச்சிக்கு ஒரு பாத்தேக் துணி வாங்கி வைத்திருக்கிறோம், அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல். இரவில் வாயாங் கூலிட் பார்த்தோம். தோல்பாவை நிழல்தான், கதை இராமாயணம். பேச்சு முழுக்கக் கிளந்தான் மலாய், எனக்கே பாதிதான் புரிந்தது. ஆனாலும் வெள்ளைக் குரங்கு திரையில் பாய்ந்ததும் உன் தங்கச்சி "அனுமார்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன்னால் இருந்த மலாய்க்காரப் பாட்டி திரும்பிப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். செருனாய் ஊதினால் நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். அங்கேதான் அந்தக் கருவியைப் பார்த்தேன். கெடோம்பாக் என்று பெயர். குடுவை மாதிரி ஒரு பக்கம் அகலம், அதில் தோல், மறு பக்கம் வாய் திறந்திருக்கும். மடியில் படுக்க வைத்துக்கொண்டு ஒரு கையால் தோலில் வாசிக்கிறார்கள். இன்னொரு கை அடிப்பதில்லை, ஊன்றுவதில்லை. பின்பக்கத்து வாயை மூடி மூடித் திறக்கிறது. அவ்வளவுதான். மூடினால் ஓசை அடங்குகிறது, திறந்தால் விரிகிறது. எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. வாசித்தவரின் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டில் பாரமே இல்லை! மறுநாள் ஒருவர் வீட்டைத் தேடிப் போய் ஒன்று வாங்கினேன். பலா மரத்தில் குடைந்தது என்றார். விலை சொல்ல மாட்டேன், உன் தங்கச்சி பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ரந்தாவ் அபாங் கடற்கரையில் ஒரு மாலை நின்றோம். இருபது வெள்ளி நோட்டில் இருக்கிறதே அந்தப் பெரிய ஆமை, பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் மாதிரி முதுகில் வரி வரியாக இருக்கும், 1950களில் அந்தக் கரைப் பக்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடு வரை வைத்ததாம். இப்போது வருவதே இல்லை என்று சொல்லலாம். வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். சிறுநீரக நோயாளிக்கு விஷம் என்று அண்ணனுக்குத் தடை போட்ட பழம் அந்தப் பெலிம்பிங்தான் என்பதும் அங்கே நினைவுக்கு வந்தது. குவாந்தானில் ஒரு இரவு தூங்கினோம். கோலாலம்பூரில் மகள் வீட்டில் இரண்டு நாள், பிறகு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக வீடு.

கெடோம்பாக்கை அண்ணன் கையில் கொடுத்தபோது கேள்வியே கேட்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மடியில் வைத்தார். இடது உள்ளங்கை தானாகப் போய் அந்த வாயை மூடியது. அண்ணிதான் சமையலறையிலிருந்து ஓடி வந்து, "கை, கை, பார்த்து!" என்றார். "ஒண்ணும் ஆகாது, மருத்துவரைக் கேட்டுட்டேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது ஆறு வாரம் ஆகிறது. உருமிப் பையன் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான், அவன் டக்கா, இவர் கெடோம்பாக்.

போன வாரம் அண்ணன் என்னிடம் கேட்டார்: "குழல்காரன் அங்க வாசிக்கிறானா, இல்ல எடுத்து மேல வச்சுட்டானா?" எனக்குப் பதில் தெரியவில்லை. போனில் சேர்ந்து வாசிக்க முடியாது, இங்கேயும் அங்கேயும் தாளம் ஒட்டாது. அதனால் அந்தப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் நீ வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. அன்றைக்கு நான்கு ஆவர்த்தம் தட்டி நிறுத்தினாரே, அந்த இடத்துக்கு.

அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. சனிக்கிழமை வேண்டாம், டயாலிசிஸ் முடிந்து களைத்திருப்பார். நேரம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் பெர்த்திலும் அப்போது அதே பத்து மணிதான்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்,
பழைய கிட்டார்க்காரன்