ஏலம் போன கார்களும் ஒஷாவா வேலைநிறுத்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாண முன்னாள் முதல்வர் மிட்செல் ஹெப்பேர்ன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தேன். செயின்ட் தோமஸ் பக்கத்தில் வெங்காயம் பயிரிட்ட மனுஷன், ஊரெல்லாம் வேலையில்லாமல் தவித்த 1934இல், 37 வயதில் மாகாண முதல்வரானது சுவையான கதைதான். லிபரல் கட்சிக்காரரான இவர், ஒருமுறை எருத் தூவும் வண்டியில் ஏறி நின்று, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை என்றாராம். கட்டுரையாளர் இதை எப்படித் தவறவிட்டாரோ!

ஆனால் பதவிக்கு வந்ததும் அரசாங்கச் சொகுசுக் கார்களை ரொறன்ரோ வார்சிட்டி மைதானத்தில் ஏலம் போட்டதையே மூன்று பத்திக்குப் புகழ்ந்திருக்கிறார். நான் இருப்பது ஒஷாவாவில். இங்கே ஹெப்பேர்ன் என்றால் நினைவுக்கு வருவது வேறு.

1937 ஏப்ரல் 8ஆம் தேதி ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் சுமார் நாலாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, அமெரிக்கக் கார்த் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்த தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம், இவைதான் கேட்டவை. அடிதடி எதுவும் நடக்கவில்லை. முதல்வரோ அமெரிக்கச் சங்கம் எல்லை தாண்டி வந்துவிட்டது என்று பதறினார். மேலதிகப் பொலிஸ் அனுப்பப் பிரதமர் மக்கன்சி கிங் மறுத்ததும், பல்கலைக்கழக மாணவர்களையும் பழைய சிப்பாய்களையும் சேர்த்துத் தானே ஒரு படை திரட்டினார். சனங்கள் அதை 'ஹெப்பேர்னின் குதிரைப்படை' என்று கேலி செய்தார்கள். உடன்படாத குரோல், ரோபக் என்ற இரண்டு அமைச்சர்களின் பதவி போனது. ஜெனரல் மோட்டர்ஸோடு சவாரி செய்வதைவிடத் தொழிலாளரோடு நடப்பதே தன் இடம் என்று எழுதிவிட்டுப் போனார் குரோல். 23ஆம் தேதி உடன்பாடு வந்தது. அந்தப் படைக்கு வேலையே வரவில்லை.

ஒரே பிரசவத்தில் பிறந்த டியோன் குடும்பத்து ஐந்து பெண் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, வீட்டுக்கு எதிரிலேயே காட்சிப்பொருளாக வைத்ததும் இவர் அரசுதான். அதற்கு 1998இல் மாகாணம் நாற்பது லட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். பாலைக் கிருமி சாகப் பாஸ்டர் முறையில் சூடாக்கித்தான் விற்கவேண்டும் என்ற 1938ஆம் ஆண்டுச் சட்டம் இவருடையது. விவசாயிகள் பலர் எதிர்த்தார்கள். தானும் விவசாயி என்றாலும் மனுஷன் அதில் அசையவில்லை. கார் ஏலத்தைவிட இது பெரிய காரியம் என்பேன். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாம் பகுதி எழுதும் எண்ணம் இருந்தால், கட்டுரையாளரை ஒருநாள் ஒஷாவா பக்கம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒஷாவா வாசகர் ஒருவர்