மதிப்பெண் கட்டத்தைத் திருத்துங்கள்: இணைய விண்ணப்பம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வேலைவாய்ப்புக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இணைய விண்ணப்பம் வடிவமைக்கும் அலுவலர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு என்றால் 500, ப்ளஸ் டூ என்றால் 600 என்று மொத்த மதிப்பெண்ணை நீங்களே நிரப்பி வைத்துவிடுகிறீர்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ்கள் அப்படி ஒரே மாதிரி இல்லை. 2018 மார்ச் வரை ப்ளஸ் டூ 1200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. 2019 மார்ச்சிலிருந்துதான் 600. பழைய முறையில் 1056 எடுத்தவரை உங்கள் படிவம் ஏற்காது. அவர் பாதியாக்கி 528 என்று போடுகிறார். இரண்டுமே 88 சதவீதம்தான். ஆனால் சரிபார்ப்பில் சான்றிதழோடு எண் ஒத்துப்போகாமல், தவறான தகவல் தந்தவராக நிற்கிறார். பழைய மெட்ரிகுலேஷன் முறையில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கு மொத்தம் 1100. அவர்களுக்கும் இதே கதிதான்.

எல்லாரையும்விடப் பாவம் 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும் இருக்கும், மதிப்பெண் இருக்காது. மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. பூஜ்யம் போட்டால் தோல்வி என்று கணக்காகும். வேறு வழியில்லாமல் பாடத்துக்கு 35 வீதம் 175 என்று போட்டால், அது சான்றிதழில் இல்லாத எண். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே வைத்து ஆள் எடுக்கும் வேலைகளில் இது நேரடியாக வாய்ப்பையே பறிக்கிறது. அதே ஆண்டு ப்ளஸ் டூ மதிப்பெண், பத்தாம் வகுப்பிலிருந்து 50, ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று கணக்கிடப்பட்டதால் தசமப் புள்ளியோடு வந்தது. முழு எண் மட்டும் ஏற்கும் கட்டத்தில் அதை எப்படி எழுதுவது?

துணைத்தேர்வில் மீதிப் பாடத்தை முடித்தவரிடம் இரண்டு, மூன்று மதிப்பெண் சான்றிதழ்கள் இருக்கலாம். அவரிடம் ஒரே ஒரு தேர்வு எண்ணும் ஒரே ஒரு ஆண்டும் கேட்டால் எதைத் தருவார்?

நாங்கள் கேட்பது பெரிய வேலை அல்ல. மொத்த மதிப்பெண்ணை விண்ணப்பதாரரே நிரப்பட்டும். தசமத்தை ஏற்கட்டும். "சான்றிதழில் மதிப்பெண் இல்லை" என்று ஒரு தெரிவு வையுங்கள். அவர்களை எப்படித் தரவரிசைப்படுத்துவீர்கள் என்பதை அறிவிக்கையிலேயே எழுதுங்கள். தேர்வு எண், மாதம், ஆண்டு மூன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்க்க இடம் விடுங்கள். அடுத்த அறிவிக்கை வெளியாகும் முன், 2018, 2019, 2021 சான்றிதழ்களில் ஒவ்வொன்றை எடுத்து உங்கள் படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.