உலக நாடுகளின் நிதியமைச்சர்களுக்கு: காலநிலைக் கோப்பு உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டும்

மதிப்பிற்குரிய நிதியமைச்சர்களே,

வணக்கம். காலநிலை நெருக்கடி பற்றிய மடல்கள் பெரும்பாலும் சுற்றுச்சூழல் அமைச்சர்களுக்கே போய்ச் சேருகின்றன. இது உங்களுக்கு. வரி விதிக்கும் அதிகாரமும், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரமும், மானியத்தைக் கூட்டிக் குறைக்கும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கின்றன. ஆனால் உங்கள் பட்ஜெட் உரைகளில் காலநிலை கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தியாக வந்துபோவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பத்திக்கு முன்னால் வாசிக்கப்படும் வேளாண்மை, மின்சாரம், தொழில், சுகாதாரம், கடன் ஆகிய எல்லாத் தலைப்புகளிலும் அதே நெருக்கடிதான் பெயர் சொல்லப்படாமல் உட்கார்ந்திருக்கிறது.

பொதுவாகப் பேசினால் இது உறைக்காது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜாம்பியாவை எடுத்துக்கொள்வோம்.

2023-24 மழைப்பருவம் அங்கே பொய்த்தது. 2024 பிப்ரவரிக் கடைசியில் அதிபர் ஹகைண்டே ஹிச்சிலேமா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். அம்மக்களின் அன்றாட உணவு மக்காச்சோளம். விதைத்த பரப்பில் ஏறக்குறைய பாதி அழிந்துவிட்டதாக அரசு கூறியது. துயரம் வயலோடு நிற்கவில்லை. நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்மின் நிலையங்களில் உற்பத்தியாவது. ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே நிற்கும் கரிபா அணையில், மின் உற்பத்திக்குப் பயன்படும் நீர் தரைதட்டும் அளவுக்கு இறங்கியது. நாளின் பெரும்பகுதி நேரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் இல்லை. வெல்டிங் செய்பவருக்கு மின்சாரம் வரும் நேரம்தான் வேலை நேரம். அது நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் வேலை. குளிர்பெட்டியை நம்பி இறைச்சியும் மீனும் விற்பவருக்கு அதுவும் இல்லை, சரக்கு கெட்டுப்போகும். மின்அடுப்பு எரியாத நகரத்து வீடுகளில் கரியடுப்பு மூட்டப்பட்டது. அந்தக் கரி காட்டு மரங்களை வெட்டிச் சுட்டு எடுக்கப்படுவது. மரம் குறைந்த நிலத்தில் மழைநீர் தங்காது, அடுத்த வறட்சி இன்னும் ஆழமாகக் கடிக்கும்.

அதே நாடுதான் 2020-இல் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களின் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. கடனை மறுசீரமைக்கும் பேச்சுவார்த்தை, வறட்சி வந்த 2024-இலும் முழுதாக முடிந்திருக்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கம், வெளியிலிருந்து உணவும் மின்சாரமும் வாங்கியாக வேண்டிய கட்டாயம் மறுபக்கம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வறட்சி முழுவதையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது; பசிபிக் கடல்நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயல்பைவிடச் சூடாகும் எல் நினோவின் பங்குதான் அதில் பெரிது என்று ஆராய்ந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். நான் காட்ட விரும்புவது வேறு. ஒரே ஒரு மழைப்பருவம் தவறியதும் உணவு, மின்சாரம், காடு, கடன் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. இயற்கையின் வழக்கமான சுழற்சிக்கே தாங்காத அமைப்பு அது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வெப்பம் உயர உயர வறட்சிகளும் கடுமையாகும் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. உலகம் நிலக்கரியைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாற வேண்டுமானால் மின்கம்பிக்கும் மோட்டாருக்கும் தாமிரம் வேண்டும். ஜாம்பியா தாமிரத்தை வெட்டித் தரும் முன்னணி நாடுகளில் ஒன்று. நமக்கெல்லாம் மின்மயமான எதிர்காலத்தைத் தோண்டித் தருகிறவர்கள் இருட்டில் சமைக்கிறார்கள். இந்த அநியாயத்தை எந்த அமைச்சகத்தின் கோப்பில் சேர்ப்பீர்கள்?

அறிவியலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் பெய்தால் கொட்டுகிறது, காய்ந்தால் உறிஞ்சுகிறது. 2024-இல் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி உயர்ந்திருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இதெல்லாம் உங்கள் அதிகாரிகளுக்கும் தெரியும். தெரிந்தும் உங்கள் கணக்குப் புத்தகங்கள் மாறவில்லை என்பதுதான் என் வழக்கு.

அந்தக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஓர் அலையாத்திக் காடு என்ன செய்கிறது? அதன் வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகளும் நண்டும் இறாலும் வளர்கின்றன, கரையோர மீனவர்களுக்கு அதுவே பிழைப்பு. புயலடிக்கும்போது அலையின் வேகத்தை அது உடைக்கிறது. அதன் சேற்றில் பல நூறு ஆண்டுக் கரிமம் புதைந்திருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இந்தக் காவலுக்கும் சேமிப்புக்கும் மதிப்பு கிடையாது. அதை வெட்டி இறால் பண்ணை போட்டால் உற்பத்தி உயர்ந்ததாக எழுதுகிறீர்கள். சில ஆண்டுகள் கழித்துப் புயல் கடல்நீரை ஊருக்குள் கொண்டுவருகிறது; இடிந்த வீடுகளையும் சாலையையும் திரும்பக் கட்டும் செலவும் உற்பத்தியாகவே பதிவாகிறது. காடு போனது இழப்பாக எங்கும் எழுதப்படவில்லை. அதன் அழிவோ இரண்டு முறை வரவாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த வணிகராவது கடையின் முதலை விற்றுத் தின்றுவிட்டு அதை லாபம் என்று எழுதினால் தணிக்கையாளர் விடுவாரா?

மானியத்துக்கு வருகிறேன். பன்னாட்டு நாணய நிதியத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் புதைபடிவ எரிபொருள்களுக்கு அரசுகள் நேரடியாக அளித்த மானியம் மட்டும் 1.3 லட்சம் கோடி டாலர். காற்று மாசால் வரும் நோய், வெப்பமயமாதலின் சேதம் போல, எரிப்பவர் கட்டாமல் மற்றவர் தலையில் விழும் செலவுகளையும் சேர்த்தால் அது 7 லட்சம் கோடி டாலர் ஆகிறது. ஒரு கையால் பூமியைச் சூடேற்றப் பணம் கொடுத்துவிட்டு மறுகையால் வெள்ள நிவாரணம் வழங்கும் ஏற்பாட்டுக்கு நிதி ஒழுங்கு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆனால் நாளைக் காலையிலேயே டீசல் விலையை ஏற்றிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு. பிரான்ஸ் அரசு பெரும் செல்வர்கள் மீதான வரியைக் குறைத்த அதே 2018-இல் எரிபொருள் வரியை உயர்த்தியது. பஸ் வசதி இல்லாத ஊர்களிலிருந்து காரில் வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் அங்கி அணிந்து சாலையை மறித்தார்கள். அடுத்த ஆண்டுக்கான உயர்வு டிசம்பரில் கைவிடப்பட்டது. 2019-இல் ஈக்வடார் எரிபொருள் மானியத்தை ஒரே ஆணையில் நிறுத்தியது. பழங்குடி அமைப்புகள் தலைநகரை நிறைத்தன. இரண்டு வாரத்துக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஈரான் 2010-இல் வேறு வழியில் போனது. விலையை ஏற்றுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் ரொக்கத்தைப் போட்டது. பின்னாளில் பணவீக்கம் அந்தத் தொகையின் மதிப்பைத் தின்றுவிட்டது உண்மைதான். ஆனாலும் அந்த வரிசை சரியானது. முதலில் மக்கள் கைக்குப் பணம் வர வேண்டும், அதன் பிறகுதான் விலை ஏற வேண்டும். சமூக நீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த காலநிலைக் கொள்கை தெருவில் தோற்கிறது. தோற்றதும் 'மக்கள் தயாராக இல்லை' என்று பழியை மக்கள் மீதே போடுகிறோம். நிலக்கரிச் சுரங்கத்தை மூடும்போதும் இதே வரிசைதான் வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்கு மாற்று வேலையும் ஓய்வூதியமும் எழுத்தில் உறுதியான பிறகு மூடுங்கள்.

உழைப்பவரின் உடம்பையும் மறந்துவிடாதீர்கள். வெப்ப அழுத்தத்தால் 2030-இல் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வீணாகும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கணித்தது. எட்டுக் கோடி முழுநேர வேலைகளுக்கு அது சமம். வயலிலும் கட்டுமானத்திலும் இருப்பவர்கள்தான் அதில் முதலில் அடிபடுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை நின்றால் கூலியும் நிற்கும். நண்பகலில் நிழலுக்கு ஒதுங்குவதா, அன்றைய கூலியைக் காப்பாற்றிக்கொள்வதா என்று முடிவெடுக்கும் நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளுவது வானிலை மட்டும் இல்லை, கூலிச் சட்டமும்தான்.

ஆற்றலுக்கு வருவோம். 2010-க்கும் 2020-க்கும் இடையே சூரிய மின்தகடுகளின் விலை சுமார் 90 சதவீதம் சரிந்தது. இருந்தும் வெயில் மிகுந்த ஏழை நாடுகளில் அவை ஏன் வேகமாகப் பரவவில்லை? எரிபொருள் வாங்கி எரிக்கும் நிலையத்துக்குச் செலவு ஆண்டுதோறும் பரவி வரும். சூரிய மின்நிலையத்துக்கோ ஏறக்குறைய மொத்தச் செலவும் முதல் நாளே. அதனால் அங்கே மின்சாரத்தின் விலையை முடிவு செய்வது வட்டி. வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கான மூலதனச் செலவு பணக்கார நாடுகளில் இருப்பதைப்போல இரு மடங்கும் அதற்கு மேலும் இருக்கிறது என்று பன்னாட்டு ஆற்றல் முகமை சொல்லிவருகிறது. வெயில் குறைந்த நாட்டில் மலிவான கடன், வெயில் கொளுத்தும் நாட்டில் கந்துவட்டி. பொறியாளர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். மீதி வேலை உங்களுடையது. கடன் உத்தரவாதம், நாணயமாற்று அபாயத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, வளர்ச்சி வங்கிகளுக்குக் கூடுதல் மூலதனம் என்பவையெல்லாம் நிதியமைச்சர்களின் மொழி.

வளர்ந்த நாடுகளின் அமைச்சர்களிடம் தனியாக ஒரு சொல். வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் உறுதியளித்தீர்கள். அந்த அளவை எட்டியது 2022-இல். வந்ததிலும் பெரும்பகுதி கடன். 2022-இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர். உலக உமிழ்வில் அந்நாட்டின் பங்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான். இப்படிப்பட்டவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதை உதவி என்று கணக்கில் எழுதுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. 2024-இல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றீர்கள். அதில் எவ்வளவு திருப்பிக் கேட்காத கொடை, எவ்வளவு கடன் என்பதை இப்போதே பிரித்துச் சொல்லுங்கள்.

முடிந்தவற்றைக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சான்று. 2004-இல் ஐவன் சூறாவளி கிரெனடா தீவில் விளைவித்த சேதம் அதன் ஆண்டு உற்பத்தியைப்போல இரு மடங்கு. பின்னர் கடனில் மூழ்கி மீண்ட அந்நாடு, 2015-இல் கடனை மறுசீரமைத்தபோது சூறாவளி தாக்கினால் தவணைகளைத் தள்ளிப்போடலாம் என்ற விதியைக் கடன்பத்திரத்தில் எழுதிச் சேர்த்தது. 2024 ஜூலை முதல் நாள் பெரில் சூறாவளி அதன் கரியாக்கு தீவைத் தரைமட்டமாக்கியது. அடுத்த மாதமே அரசு அந்த விதியைப் பயன்படுத்தித் தவணையை நிறுத்திவைத்தது. நிதிச்சந்தை இடிந்து விழவில்லை. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இதே விதியை எழுத முடியும். உலக வங்கியின் ஆளுநர் குழுவில் பெரும்பாலான நாடுகளின் சார்பில் உட்காருவது நீங்கள்தான். கடன் கொடுப்பவராக இருந்தாலும் வாங்குபவராக இருந்தாலும், அந்த விதி இல்லாத கடன் ஒப்பந்தத்தில் இனிமேல் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்ஜெட் உரைகளைப் படிக்கும் குடிமக்களில் ஒருவர்