பாலகோபால் சாருக்கு, அக்டோபர் 8

பாலகோபால் சார்,

2009இல் நீங்கள் போன தேதி இன்று. 1985இல் காகதீயப் பல்கலைக்கழகத்துக் கணித வேலையை விட்டது, நாற்பது தாண்டி மனித உரிமை வழக்கறிஞராகக் கறுப்புக் கோட்டு போட்டது எல்லாம் உங்களுக்கே எழுதினால் சிரிப்பீர்கள். எனக்கு நினைவில் நிற்பது 2009 பிப்ரவரி 6.

அதுவரை என்கவுன்ட்டர் என்றால் இறந்தவர் மீதே இந்திய தண்டனைச் சட்டம் 307, போலீஸைக் கொல்ல முயன்றார் என்று எஃப்.ஐ.ஆர். குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார் என்று வழக்கு முடியும். சுட்டது யார் என்ற கேள்வியே எழாது. ஒரு மனிதர் கொல்லப்பட்டிருக்கிறார், அதற்கு வழக்குப் போடு என்றீர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்பதை நீதிமன்றத்தில் வந்து சொல்லட்டும். விதிவிலக்கு கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது பழைய சாட்சியச் சட்டம் 105. ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு அன்று அதை ஏற்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை. அந்தத் தடை நிற்கும்போதே போய்விட்டீர்கள், 57 வயதில். கோபம் இன்னும் தீரவில்லை சார்.

நினைவு நாளில் சட்டப்பிரிவுகளை அடுக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புகழ வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நக்சலைட்டுகள் செய்த கொலைகளையும் கேள்வி கேட்டீர்கள் என்று திட்டியவர்களும் அதில் உண்டு. பெயர் வேண்டாம், இதைப் படிப்பார்கள்.

2014இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் தந்தது. சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்து அணியோ விசாரிக்க வேண்டும்; இரண்டு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும்; உடனே பதக்கமோ பதவி உயர்வோ கூடாது. நல்லதுதான். ஆனால் எஃப்.ஐ.ஆர். பதியச் சொன்னவர்கள் யார் மீது என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை போதும். பழைய 307 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 109 ஆகிவிட்டது, இறந்தவர்தான் இன்றும் குற்றவாளி.

இறந்தவரின் குடும்பத்தாரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எரிக்காதீர்கள், புதையுங்கள் என்பதே. மறு பரிசோதனை கேட்க உடல் வேண்டும். குண்டு நுழைந்த இடத்தில் கருகலும் புகைப்படிவும் இருந்தால் கிட்டத்தில் வைத்துச் சுட்டது. துணியின் மேல் பாய்ந்திருந்தால் அந்தத் தடயம் தோலில் தெரியாமல் போகலாம்; அதனால் சட்டையும் தடயவியல் ஆய்வுக்குப் போக வேண்டும். சட்டைதான் முதலில் காணாமல் போகும். ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. மனுதாரர் இன்னும் அதே ஊரில் இருக்கிறார், விட்டுவிடுகிறேன்.

சுட்ட போலீஸ்காரர் மீது தனிப் புகாராக மாஜிஸ்திரேட்டிடம் போனால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 218இன்படி அரசின் முன்அனுமதி எங்கே என்கிறார்கள். கடமைக்காகத்தான் சுட்டாரா என்பதே வழக்கு. அதைக் கடமை என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு அனுமதி கேட்டால், பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? இந்த இடத்தில் எப்படி வாதாடியிருப்பீர்கள் என்று கேட்கத்தான் எழுதினேன்.