‘கை படாத மூல நிலை’ என்று விற்கப்பட்ட பீடர்மையர் எழுத்து அலமாரி குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: சாமானின் நிலை பற்றித் தவறான விவரம் தந்தது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். “வியன்னா, சுமார் 1825, டான்ஹாவுசர் பட்டறை, செர்ரி வெனீர், ஷெல்லாக் பாலிஷ், கை படாத மூல நிலை” என்று உங்கள் பட்டியலில் இருந்ததை நம்பி வாங்கிய எழுத்து அலமாரி பற்றியது இக்கடிதம்.

இது போலிச் சாமான் அல்ல. வெனீர் என்னும் மெல்லிய மரத் தகட்டுக்கு அடியில் உள்ள, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தாலான உள்கூடு, மேல், கீழ் இழுப்பறைகளில் கையால் வெட்டிய டவ்டெயில் (புறா வால் வடிவ) மூட்டுகள், எழுதுவதற்கு விரித்து இறக்கும் மடக்குப் பலகைக்குப் பின்னால் உள்ள சிறு அறைகள் எல்லாம் பீடர்மையர் பாணி நிலவிய, 1815-க்கும் 1848-க்கும் இடைப்பட்ட காலத்து வேலைக்குப் பொருந்துகின்றன. ஆனால் வெளிப்புறத்தில் பெரும்பகுதி பிற்காலத்தில் தேய்க்கப்பட்டும் மாற்றப்பட்டும் இருக்கிறது. அதைப் பற்றி விவரத்தில் ஒரு சொல்கூட இல்லை.

முதலில் பாலிஷ். ஷெல்லாக் அரக்கிலிருந்து எடுப்பது. ஸ்பிரிட் பட்டால் இளகும். மேல் விளிம்பின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எத்தில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியைச் சற்று நேரம் வைத்தால் பரப்பு பிசுபிசுக்க வேண்டும், பஞ்சில் நிறம் ஏற வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. அசிட்டோனுக்கும் படலம் அசையவில்லை. ஆகவே இது அசிட்டோனில் கரையும் நைட்ரோ லாக்கரும் அல்ல. பாலியூரித்தேன் போன்ற, இறுகிய பின் கரையாத வார்னிஷ். புற ஊதா விளக்கில் உட்புறச் சிறு இழுப்பறைகளின் முகப்பு மட்டும் ஷெல்லாக்குக்கே உரிய ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. வெளிப்புறத்தில் அந்த ஒளிர்வு எங்குமே இல்லை. ஸ்பிரிட் சோதனையிலும் உட்புறம் உடனே இளகியது. அசல் எது, புதியது எது என்பதை ஒரே சாமான் காட்டிக்கொடுக்கிறது.

“பாலிஷை எல்லோரும் புதுப்பிப்பதுதானே” என்று உங்கள் விற்பனைப் பிரிவு பதில் எழுதியது. ஷெல்லாக் மேல் ஷெல்லாக் ஏற்றினால் அது பராமரிப்பு. பழைய படலத்தோடு கலந்துவிடும், வேண்டுமானால் எடுத்தும் விடலாம். இங்கே நடந்தது வேறு. வார்னிஷ் பிடிப்பதற்காகப் பழைய படலத்தை உப்புத்தாள் போட்டு மரம் வரை தேய்த்திருக்கிறார்கள். செர்ரி மரத்தின் தேன் நிறம் ஒளியாலும் காற்றாலும் மெல்லிய மேல்பரப்பில் மட்டும் ஏறுவது. அது போனதால் சாயம் பூசி ஈடுகட்டியிருக்கிறார்கள். சாயம் ரேகையின் நுண்துளைகளில் தேங்கிக் கருத்த கோடுகளாக நிற்கிறது. இடது பக்கப் பலகையின் முன்விளிம்பில் வெனீரே தேய்ந்து உள்ளிருக்கும் ஸ்ப்ரூஸ் தெரிகிறது. அதையும் வண்ணம் தீட்டி மறைத்திருக்கிறார்கள். இந்தச் சேதத்தை எந்தக் கைதேர்ந்த தச்சராலும் திருப்ப முடியாது. என் மனத்தாங்கலில் பெரும்பங்கு இதுதான்.

அடுத்து மடக்குப் பலகை. அக்காலத்தில் வெனீரை ரம்பத்தால் அறுத்தார்கள், பெரும்பாலும் 1.5 முதல் 3 மி.மீ. வரை தடிமன் இருக்கும். கீழ் இழுப்பறையின் பூட்டுக் குழி ஓரத்தில் அளந்தால் 1.9 மி.மீ. மடக்குப் பலகையில் அதே இடத்தில் 0.6 மி.மீ. மட்டுமே. இது கத்தியால் சீவி எடுத்த இன்றைய வெனீர். அளவுகோல் இல்லாமலே கண்ணும் இதைச் சொல்லும். பீடர்மையர் வேலையில் செதுக்கல் குறைவு, அழகெல்லாம் ரேகையில்தான். அடுத்தடுத்து அறுத்த இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் நடுக்கோட்டின் இருபுறமும் ஒட்டி, கீழ் இழுப்பறையில் தொடங்கும் ரேகை மேலே வரை அறுபடாமல் ஏறுமாறு அமைப்பார்கள். இதில் மூன்று இழுப்பறைகளிலும் ரேகை ஒழுங்காக ஏறி வந்து, மடக்குப் பலகையில் நின்றுவிடுகிறது. பலகையின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பசையும் வெந்நீரில் இளகும் வச்சிரப் பசை அல்ல. வெள்ளை நிற பி.வி.ஏ. என்னும் இன்றைய செயற்கைப் பசை.

இரு பக்கக் கறுப்புத் தூண்களும் மாற்றப்பட்டவை. அக்கால வழக்கப்படி பேரி மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றினால் நிறம் நாரில் இறங்கியிருக்கும். இந்தத் தூணின் அடியில் பெயர்ந்த இடத்தில் கறுப்பு, மேல் தோலாக மட்டுமே இருக்கிறது. உள்ளே வெளிறிய பீச் மரமும் அதற்குரிய சிறு கீற்றுப் புள்ளிகளும் தெரிகின்றன. நடு இழுப்பறையின் பூட்டைப் பிடித்திருப்பவை கூர்முனைத் திருகாணிகள். அவை 1840-களின் இறுதிக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தவை. 1825-இல் முனை மழுங்கலாகத்தான் இருக்கும். பூட்டு மாற்றியதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன், எழுதியிருந்தால் போதும். பின்கால் ஒன்றில் வண்டு அரித்த வழி நீளவாக்கில் திறந்து கிடக்கிறது. வண்டு வெளியேறும்போது வட்டத் துளைதான் விடும். வாய்க்கால் திறந்திருந்தால் வேறெங்கோ உளுத்த மரத்தை அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

டான்ஹாவுசர் பெயருக்கும் ஆதாரம் வேண்டும். அந்தப் பட்டறையின் வரைபடங்கள் வியன்னாவின் மாக் (MAK) என்னும் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு அந்தப் பெயரைப் போட்டீர்கள்? சாமானில் முத்திரையோ சீட்டோ கிடையாது.

இன்னொன்று. சாமானோடு அனுப்பிய பராமரிப்பு அட்டையில் சிலிக்கோன் கலந்த ஸ்பிரே அடிக்கச் சொல்கிறீர்கள். சிலிக்கோன் மரத்தில் இறங்கிவிட்டால் பிறகு ஷெல்லாக் ஒட்டாமல் குழி குழியாக விலகும். எஞ்சியிருக்கும் உட்புற பாலிஷையும் இது கெடுத்துவிடும். அந்த அட்டையை மற்ற வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதை உடனே நிறுத்துங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் சாமானை எடுத்துச் சென்று, போக்குவரத்துக் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். எடுத்துச் செல்பவர்கள் மடக்குப் பலகையைப் பூட்டி, சாவியைத் தனியாகக் கட்டி, இழுப்பறைகளைக் கழற்றித் தனித்தனியே சுற்ற வேண்டும். தூண்களைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மறுபடி விற்பனைக்கு வைப்பதானால் புது வெனீர், தூண்கள், கால், வார்னிஷ் ஆகிய நான்கையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். ‘மூல நிலை’ என்ற சொல்லையும் பட்டறைப் பெயரையும் நீக்குங்கள். இந்த வேலைகளை எப்போது, எந்தப் பொருள்களைக் கொண்டு செய்தார்கள் என்ற விவரத்தையும் அனுப்பிவையுங்கள். அடுத்து இதைப் பழுதுபார்ப்பவருக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

அளவெடுத்த இடங்களின் படங்களும் புற ஊதா விளக்கில் எடுத்த படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்