அந்தப் பெரிய படத்துக்கு விலை சொல்லாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வருடம் முழுக்க நீ வரைந்த பெரிய படத்தை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், வாடகைக்கு ஆகும், கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ இருக்கும் பெர்லினிலேயே படித்து வரைந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

லோட்டே லாசர்ஷ்டைன். 1898இல் கிழக்கு பிரஷ்யாவில் பிறந்தவர். பெர்லின் கலைக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய சில வருடங்களிலேயே அங்கே படித்தவர். 1930இல் 'போட்ஸ்டாம் மேல் மாலைப்பொழுது' என்ற படத்தை வரைந்தார். அகலம் மட்டும் இரண்டு மீட்டருக்கு மேல். ஒரு மொட்டைமாடி, நீள மேசை, ஐந்து நண்பர்கள், படுத்திருக்கும் நாய், பின்னால் பெர்லினுக்குப் பக்கத்து ஊரான போட்ஸ்டாமும் அதன் கோபுரங்களும். சாப்பாடு முடிந்து பேச்சும் ஓய்ந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனையில் இருக்கிறார்கள். ஹிட்லர் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஆனால் அந்த முகங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

1933க்குப் பிறகு, தாத்தா பாட்டிகளில் மூன்று பேர் யூதர்கள் என்ற காரணத்தால் அவருக்கு எல்லாக் கதவும் அடைபட்டது. அவர் நடத்திய ஓவியப் பள்ளியையும் மூட வேண்டியதாயிற்று. 1937இல் ஸ்டாக்ஹோமில் கண்காட்சி வைக்கும் வாய்ப்பு வந்ததும் படங்களோடு போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அம்மாவையும் தங்கையையும் அழைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. தங்கை பெர்லினில் ஒளிந்து வாழ்ந்து பிழைத்தார். அம்மா 1943இல் ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் இறந்துபோனார்.

ஸ்வீடனில் கேட்டவர்களுக்கெல்லாம் உருவப்படம் வரைந்துதான் அவர் பிழைத்தார். ஜெர்மனி அவரை மறந்தே போனது. இத்தனைக்கும் நடுவில் அந்த மொட்டைமாடிப் படத்தை அவர் விற்கவில்லை. 1950இல் அதன் முன்னால் தான் நிற்பதாகவே ஒரு சுய உருவப்படம் வரைந்தார். அதை இணையத்தில் தேடிப் பார். நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1987இல் லண்டன் காலரிகள் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோதுதான் அந்த மொட்டைமாடிப் படம் கைமாறியது. அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 90 வயது. 1993இல் ஸ்வீடனின் கால்மர் நகரில் காலமானார். 2010இல் பெர்லின் தேசிய ஓவியக்கூடம் அதை வாங்கியது. இப்போது உன் ஊரில்தான் இருக்கிறது. காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாம்மா.

விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவரும் விற்றுத்தானே சாப்பிட்டார்! உருவப்படங்கள், சின்னப் படங்கள், எதை வேண்டுமானாலும் கொடு. ஆனால் இந்தப் படம் உன் கையிலிருந்து வந்ததிலேயே ஆகச் சிறந்தது. 35 வருடம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவனாகச் சொல்கிறேன், அப்பா என்பதற்காக இல்லை. வாடகை நெருக்கடியில் அதற்கு விலை பேசாதே.

எவ்வளவு குறைகிறது என்று உடனே எழுது. ஒன்றாம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன். அம்மாவிடம் பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதம்தான்.

அன்புடன்,
அப்பா