ஞாயிற்றுக்கிழமை ஒரு தென்னங்கன்று வரும்

கொக்கட்டிச்சோலை,
ஐப்பசி மாதம்.

அன்பு மச்சாளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் படலையடியில் மணி அடித்தபோது நான் கிணற்றடியில் நின்றேன். ஈரக் கையோடு வாங்கியதில் உறையில் என் பெயர் பாதி கரைந்துவிட்டது. உள்ளே உன் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வயதில் விடுதி மேசையில் என் பக்கத்தில் இருந்து எழுதிய அதே சாய்ந்த எழுத்து.

மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சின்ன வீட்டுக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். விடிந்தால் பொழுது போவதாயில்லை, உனக்கு எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மூன்று நாள் மனத்தில் வைத்திருந்து இன்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. வாவி இரண்டு நாளாகக் கறுத்துக் கிடக்கிறது. வயல் வட்டைக்குள் விதைப்பு நடக்கிறது. மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். போன கிழமை யானை வந்து மேற்குப் பக்கத்து வாழைகளை முறித்துவிட்டுப் போனது. ஆட்களுக்குச் சேதம் இல்லை. மகன் சனிக்கிழமைகளில் தம்பிலுவிலில் இருந்து வந்து ஓர் இரவு தங்கிப் போகிறான். நல்ல மருமகள், வரும்போது அவனை வெறுங்கையோடு விடுவதில்லை. எனக்கு மகள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டைத் தங்கச்சியின் மூத்தவளுக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்துவிட்டேன். பெத்தாவிடம் இருந்து அம்மாவுக்கு, அம்மாவிடம் இருந்து எனக்கு, என்னிடம் இருந்து அவளுக்கு. பெண் வழியாக வந்த வீடு பெண் வழியாகவே போகட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எங்கள் வளவுப் புளியமரத்தின் கீழ் ஐந்தாறு பேர் கூடுகிறோம். நடுவில் வெற்றிலை வைத்த வட்டா. வெற்றிலை களுதாவளையில் இருந்து வருவது. முன்பெல்லாம் அங்கே பேச்சு என்றால் யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் என்ன சண்டை என்பதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அது மாறியது.

மாற்றியவள் பதினொரு வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிவந்த ஒரு பெண். முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டாள். ஒரு பின்னேரம் நான் வாளியைக் கிணற்றில் விட்டேன். அது போய்த் தண்ணீரில் விழுந்த சத்தத்தில் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணில் நீர் நின்றது. "இந்தச் சத்தம்தான் மிஸ், அங்கே என் கனவில் வந்தது. பிள்ளைகளின் முகம்கூடச் சில நாட்களில் சரியாக வராது. வாளி விழும் சத்தம் மட்டும் வரும்" என்றாள். பிறகு எழுந்துபோய் நாலு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, சேலையோடு நனைந்தபடி வந்து உட்கார்ந்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு எவரும் கேட்காமலே ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். எண்பத்திரண்டு வயதுப் பெத்தா ஒருத்தி இருக்கிறாள். இரண்டு மகன்மாரைப் பறிகொடுத்தவள். அந்த ஆண்டுகளைப் பற்றி உனக்கு எழுதத் தேவையில்லை, நீயும் பார்த்தவள்தான். புது நெல் அறுத்துப் புதிர் எடுத்த நாளில் புது அரிசி உலையில் கொதித்துப் பொங்கும்போது மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஆவிதான் தன் சந்தோசம் என்றாள். "அதுக்காகவே இன்னொரு வருசம் கிடந்து பார்ப்போம் என்று நினைப்பேன்" என்றாள். முன்பு மருத்துவிச்சியாக இருந்தவள், நடுச்சாமத்தில் பிள்ளை பிறந்து முடிந்து, லாம்பு வெளிச்சத்தில் வயல் வரம்பால் தனியே திரும்பிவரும்போது இரண்டு பக்கமும் மின்மினி பறந்ததைச் சொன்னாள். கை கழுவியும் போகாத பிள்ளை வாசத்தோடு நடந்துவந்ததைச் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் தன் கையில் விழுந்தன என்று அவள் எண்ணி வைக்கவில்லை. அந்த வரம்பில் நடந்தது மட்டும் அவளுக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.

காத்தான்குடியில் இருந்து துணி கொண்டுவரும் உம்மாவை நீ இங்கே பார்த்திருக்கிறாய். மருதமுனைச் சாரமும் சேலையும் கட்டிய மூட்டையோடு அந்தக் காலத்தில் மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நின்று, வெயிலில் கறுத்து, மத்தியானம் தாண்டி வந்து சேருவார். 2014இல் பாலம் திறந்த பிறகு முச்சக்கர வண்டியில் பத்து மணிக்கே வந்துவிடுகிறார். பாலம் வந்தது நல்லதுதானே என்று கேட்டேன். நல்லதுதான், ஆனால் பாதையில் வரும்போது நடு வாவியில் காற்று வந்து முக்காட்டைத் தூக்கும், அந்தக் கொஞ்ச நேரம் மூட்டையும் இல்லை, கடனும் இல்லை, அதை இப்போது தேடுகிறேன் மகள் என்றார். எனக்கு அது நன்றாக விளங்கியது. நானும் அந்தப் பாதையில்தான் மூட்டை கட்டிக்கொண்டு விடுதிக்கு வந்தவள்.

ஒரு விசயத்தை நான் கவனித்தேன் மச்சாள். அதிகம் இழந்தவர்கள்தான் தங்கள் சந்தோசத்தைத் துல்லியமாகச் சொல்கிறார்கள். வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் அடிபடாத ஒருத்தியும் எங்களோடு வருவாள். அவளிடம் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது" என்பாள், அதோடு சரி. வாளிச் சத்தமும் உலை ஆவியும் அவளுக்குத் தனியாகத் தெரிவதில்லை. அவள்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் துக்கத்தை மறப்பதற்காகத்தான் பெண்கள் சின்னச் சின்னச் சந்தோசங்களைப் பேசுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தப் பெத்தா எதையும் மறக்கவில்லை.

என் முறை வந்தபோது நான் தேங்காயைச் சொன்னேன். காலையில் வெள்ளாப்பில் எழுந்து, பிட்டு அவித்து, அடுப்படி வாசலில் குந்தி இருந்து ஒரு பாதித் தேங்காயைத் துருவுவேன். வெள்ளையாய்ப் பூவாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று தமிழரையும் முஸ்லிம்களையும் நம் ஊரில் சொல்வார்களே, உம்மா அதைக் கேட்டு என் கையைப் பிடித்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தேங்காய் எந்த மரத்துத் தேங்காய்? உன் வீட்டு மரத்தின் பிள்ளையல்லவா அது!

உனக்கு ஞாபகம் இருக்கும், அல்லது நீ மறந்திருப்பாய். கொடுத்தவர்கள் மறந்துவிடுவார்கள். 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவு, மட்டக்களப்பில் விடுதியில். மாலையில் இருந்தே காற்று. இருட்டியதும் ஓடுகள் ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. விடுதி அம்மா எங்களைக் கட்டில்களுக்குக் கீழே தள்ளினார். நீ உன் போர்வையை இழுத்து என்னையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாய். நான் நடுங்கி அழுதுகொண்டிருந்தேன். நீ அழவில்லை, என் காதுக்குள் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாய். பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்தால் மறுபடி இரண்டாம் வாய்ப்பாடு. விடியும் மட்டும் சொன்னாய். பிறகு நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த வாய்ப்பாடு உன் குரலில்தான் எனக்குக் கேட்டது. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

விடிந்து வெளியே வந்தபோது நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றைக்கூடக் காணவில்லை. எல்லாம் ஒரே பக்கமாக, பாய் விரித்ததுபோல் கிடந்தன. எங்கள் வளவில் இருந்த பதினான்கும் போய்விட்டன, வீட்டுக் கிடுகும் போய்விட்டது. அடுத்த வருடம் விடுமுறை முடிந்து நீ திருக்கோவிலில் இருந்து வந்தபோது, சாக்கில் சுற்றிய மூன்று தென்னங்கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். உங்கள் வளவில் தப்பிய ஐந்தாறு மரங்களின் காயை முளைக்க வைத்து உன் அம்மா அனுப்பியது. கன்றுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கொண்டக்டர் சண்டை பிடித்தாராம். அந்தச் சனிக்கிழமை நாம் இருவரும் பாதை ஏறி, கன்றுகளோடு எங்கள் வீட்டுக்குப் போனோம். நாம் வேறு வேறு தாய்வழிக் குடி, ஆகவே மச்சாள் முறை என்று என் பெத்தா கணக்குப் போட்டுச் சொன்னதும் அன்றுதான்.

ஒரு கன்றை மாடு தின்றது. இரண்டு பிழைத்தன. 2004இல் கடல் உங்கள் வளவுக்குள் வந்த பிறகு நீ பிள்ளைகளோடு பத்து நாள் இங்கே இருந்தாயே, ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தாயே, அப்போது இளநீர் மட்டும் குடித்தாய். அந்த இரண்டு மரத்து இளநீர்தான் அது. உன் அம்மா அனுப்பியதுதான் உனக்கே வந்தது. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நம்மிடையே நன்றி என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை. சொன்னால் ஆளைத் தள்ளி வைத்ததுபோல் ஆகிவிடும். கறிப் பாத்திரம் வந்தால் கழுவி, அதற்குள் ஏதாவது வைத்துத் திருப்பி அனுப்புவோம். வெறும் பாத்திரம் அனுப்பினால் அம்மா ஏசுவார். உம்மா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவரும் அந்தத் தூக்குச் சட்டி எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே இருபது வருடமாகப் போய்வருகிறது. ஒரு தடவைகூட வெறுமையாய்ப் போனதில்லை. எருமைத் தயிர் போகும், முருங்கைக்காய் போகும், ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி கறிவேப்பிலையாவது போகும். அந்தக் கணக்கில் பார்த்தால், உன் சாக்கு நாற்பது வருடத்துக்கு மேலாக என் வீட்டில் வெறுமையாய்க் கிடக்கிறது.

ஆடி அமாவாசையில் உனக்குத் திருக்கோவிலில் தீர்த்தம், எனக்கு மாமாங்கத்தில் தீர்த்தம். இரண்டும் ஒரே நாளில் வருவதால் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக முடிவதில்லை. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் சடங்குக்கு வருவாய் என்று பார்த்திருந்தேன். மூட்டு வலி என்று நின்றுவிட்டாய். குளிர்த்தி பாடும்போது பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவை போட்டார்கள். உன் குரவை மாதிரி நீளமாக யாருக்கும் வருவதில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடிக்க வேண்டும்.

நீ கடலோரத்து வளவை விட்டு உள்ளே வந்து வீடு கட்டினாய். அந்தப் பின்வளவில் தென்னை ஒன்றும் இல்லை என்று மகன் சொன்னான். ஆகவே கேள். ஆனியில் நல்ல முற்றிய காய்களாகப் பார்த்து நிழலில் முளைக்க வைத்தேன். ஒன்று நன்றாக ஓலை விட்டு நிற்கிறது. மகன் ஞாயிற்றுக்கிழமை தம்பிலுவிலுக்குத் திரும்பும்போது முதலில் உன் வீட்டுக்குக் கொண்டுவருவான். அதற்குள் குழியை வெட்டி வை. ஆளின் தொடையளவு ஆழம், அதே அகலம். அடியில் உரிமட்டையை நார்ப் பக்கம் மேலே வருமாறு அடுக்கு. தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேல்மண்ணோடு சாம்பலும் பழைய எருவும் கலந்து போடு. குழியை முழுதும் நிரப்பாதே. காய் மூடும் அளவுக்கு மண் போட்டால் போதும், குருத்துக்குள் மண் விழக் கூடாது. மழை தொடங்க இருக்கிறது, தண்ணீர்க் கவலை இல்லை. ஆடு மாடு எட்டாதபடி சுற்றி வரிச்சு கட்டு. மாட்டை நம்பாதே, நான் பட்டிருக்கிறேன். காலையில் கன்றைப் போய்ப் பார். புதுக் குருத்து விரிந்த அன்று எனக்கு எழுது.

பாலர் வகுப்புக்குப் போகும் உன் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடு. அவள் கையாலும் ஒரு பிடி மண் போடட்டும்.

கன்றைச் சுற்றி வருவது உன் பழைய சாக்கு இல்லை, அது எப்போதோ உக்கிப்போய்விட்டது. புதுச் சாக்கு. மகனிடம் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் பக்கத்துக் கூனி இறால் கொஞ்சம் கட்டி அனுப்பு. சுண்டி, பிட்டோடு சாப்பிட்டு நாளாகிறது. மரத்தடியில் எல்லோரும் கேட்கிறார்கள்.

உன்,
படுவான்கரை மச்சாள்